ஒப்படர்த்தி

ஒப்படர்த்தி என்பது ஒரு பொருளின் அடர்த்திக்கும், ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்படும் மற்றொரு பொருளின் அடர்த்திக்கும் உள்ள விகிதம் ஆகும். திண்மங்களுக்கும் நீர்மங்களுக்கும் பொதுவாக 4 °செ வெப்பநிலையில் உள்ள தூய நீர் ஒப்பீட்டுப் பொருளாகக் கொள்ளப்படுகின்றது. வளிமங்களுக்கு, அதே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் உள்ள உலர்ந்த காற்று கொள்ளப்படுகின்றது. இது ஒப்பு அடர்த்தி, சாரடர்த்தி, தன்னீர்ப்பு ஆகிய பெயர்களாலும் வழங்கப்படுகின்றது. இரண்டு அடர்த்திகளின் விகிதம் என்பதால் ஒப்படர்த்திக்கு அலகு இல்லை. அது ஒரு வெறும் எண் மட்டுமே.

நகையின் தூய்மை, பாலில் கலந்த நீர், மின்கலத்தின் மின்னேற்ற நிலை, உப்பளத்து நீரின் செறிவு, கசிந்த எரிவாயு மேலெழுமா கீழே தங்குமா என்பன போன்ற பல வினாக்களுக்கு இந்த ஓர் எண்ணைக் கொண்டு விடை காண முடியும். எனினும் இதன் எல்லைகளை அறியாமல் பயன்படுத்தினால் தவறான முடிவுக்கும் வர நேரிடும்.

## வரையறை

அடர்த்தி என்பது ஓரலகு கன அளவில் அடங்கியுள்ள நிறை ஆகும்.

அடர்த்தி = நிறை ÷ கன அளவு

ஒப்படர்த்தி = பொருளின் அடர்த்தி ÷ நீரின் அடர்த்தி

சம கன அளவுள்ள பொருளையும் நீரையும் எடுத்துக்கொண்டால் கன அளவு விகிதத்திலிருந்து நீங்கிவிடும். எனவே ஒப்படர்த்தியைப் பின்வருமாறும் எழுதலாம்.

ஒப்படர்த்தி = பொருளின் நிறை ÷ அதே கன அளவுள்ள நீரின் நிறை

இந்த இரண்டாவது வடிவமே நடைமுறையில் மிகவும் பயனுள்ளது. ஒழுங்கற்ற வடிவமுடைய ஒரு கல்லின் கன அளவை நேரடியாக அளப்பது கடினம். ஆனால் தராசு ஒன்று இருந்தால் இரண்டு நிறைகளை அளந்து ஒப்படர்த்தியைக் கண்டுவிடலாம்.

4 °செ வெப்பநிலையில் நீரின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1000 கிலோகிராம், அதாவது ஒரு கன செண்டிமீட்டருக்கு 1 கிராம் ஆகும். ஆகவே ஒரு பொருளின் ஒப்படர்த்தி 2.70 எனில், அதன் அடர்த்தி 2.70 கி/செ.மீ³ அல்லது 2700 கி.கி/மீ³ ஆகும். எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு கருத்துகள். அடர்த்திக்கு அலகு உண்டு, ஒப்படர்த்திக்கு இல்லை.

## மிதத்தலும் மூழ்கலும்

நீரில் கரையாத ஒரு பொருளின் ஒப்படர்த்தி 1 ஐ விடக் குறைவாக இருந்தால் அது நீரில் மிதக்கும். கூடுதலாக இருந்தால் மூழ்கும். மிதக்கும்போது மூழ்கியுள்ள பகுதியின் பின்னம், பொருளின் அடர்த்தியை நீர்மத்தின் அடர்த்தியால் வகுக்கக் கிடைப்பதாகும். பனிக்கட்டியின் ஒப்படர்த்தி 0.917, கடல்நீரின் ஒப்படர்த்தி 1.025. எனவே பனிப்பாறையின் 0.917 ÷ 1.025 = 0.895 பங்கு, அதாவது ஏறத்தாழ 90 விழுக்காடு, கடலுக்குள் மறைந்திருக்கும்.

இரும்பின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 7.87 ஆக இருந்தும் இரும்புக் கப்பல் மிதப்பதற்குக் காரணம், கப்பலின் உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும்போது கிடைக்கும் சராசரி அடர்த்தி நீரைவிடக் குறைவாக இருப்பதே ஆகும். கடலிலிருந்து ஆற்றுத் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல், நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால் சற்று ஆழமாக அமிழும். இதனால்தான் கப்பல்களின் பக்கவாட்டில் தீட்டப்படும் சுமைக் கோடுகளில் கடல்நீருக்கும் நன்னீருக்கும் தனித்தனிக் கோடுகள் உள்ளன.

## வரலாறு

கிமு 3 ஆம் நூற்றாண்டில் சிரக்கூசு நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசு, மிதக்கும் பொருள்களைப் பற்றி எழுதிய நூலில் மிதப்பு விதியை நிறுவினார். நீர்மத்தில் அமிழ்த்தப்பட்ட பொருள், தான் இடம்பெயர்த்த நீர்மத்தின் எடைக்குச் சமமான எடையை இழப்பதாகத் தோன்றும் என்பதே அவ்விதி. மன்னன் ஐயரோவின் பொன் முடியில் வெள்ளி கலக்கப்பட்டதை அவர் கண்டறிந்த கதையை, இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த உரோமைக் கட்டடக் கலைஞர் விட்ருவியசு எழுதியுள்ளார். முடியை நீர் நிறைந்த கலத்தில் இட்டு, வழிந்த நீரை ஆர்க்கிமிடீசு அளந்தார் என்பது அக்கதை.

இம்முறை நடைமுறையில் எளிதன்று என்பதை ஒரு கணக்கீட்டால் காட்டலாம். 1 கிலோகிராம் தூய பொன்னின் கன அளவு 51.8 செ.மீ³. அதில் 300 கிராம் வெள்ளி கலந்திருந்தால் கன அளவு ஏறத்தாழ 64.8 செ.மீ³ ஆகும். வேறுபாடு 13 செ.மீ³ மட்டுமே. 20 செ.மீ விட்டமுள்ள கலத்தில் இவ்வேறுபாடு நீர்மட்டத்தை 0.4 மில்லிமீட்டர் அளவே உயர்த்தும். அதே முடியை நீருக்குள் தொங்கவிட்டு எடைபோட்டால், இரண்டு நிலைகளுக்கும் இடையே 13 கிராம் வேறுபாடு தோன்றும். எளிய தராசிலும் இது தெளிவாகத் தெரியும். இக்காரணத்தாலேயே கலிலியோ கலிலி, 1586 இல் எழுதிய சிறு நூலில், ஆர்க்கிமிடீசு நீர்த்தராசு போன்ற ஒரு முறையையே பயன்படுத்தியிருக்க வேண்டும் எனக் கருதி, அத்தகைய தராசு ஒன்றையும் விவரித்தார்.

இடைக்காலத்தில் அல்-பிரூனி பல உலோகங்களுக்கும் மணிக்கற்களுக்கும் ஒப்படர்த்தி மதிப்புகளை அளந்தார். அல்-காசினி 1121 இல் எழுதிய தராசு பற்றிய நூலில் இத்தகைய மதிப்புகள் அட்டவணைகளாகத் தரப்பட்டுள்ளன. 1768 இல் பிரான்சிய வேதியியலாளர் அந்துவான் போமே, நீரமானிக்குத் தமது பெயரால் வழங்கும் அளவுகோலை உருவாக்கினார்.

## அளக்கும் முறைகள்

### மூழ்கும் திண்மம்

பொருளை முதலில் காற்றிலும், பின்னர் நூலில் கட்டி நீருக்குள் முழுவதும் அமிழுமாறு தொங்கவிட்டும் எடைபோட வேண்டும்.

ஒப்படர்த்தி = காற்றில் எடை ÷ (காற்றில் எடை − நீரில் எடை)

எடுத்துக்காட்டாக, 22 காரட் என்று கூறப்படும் கல் பதிக்காத ஒரு திண்ணிய வளையல் காற்றில் 40.00 கிராமும் நீரில் 37.36 கிராமும் காட்டுவதாகக் கொள்வோம். எடை இழப்பு 2.64 கிராம். ஒப்படர்த்தி 40.00 ÷ 2.64 = 15.15 ஆகும்.

இதைக் கலப்பு உலோகத்தின் எதிர்பார்க்கும் மதிப்போடு ஒப்பிட வேண்டும். 22 காரட் என்பது 91.67 விழுக்காடு பொன். எஞ்சிய பகுதி முழுதும் செம்பு எனில், 100 கிராம் கலவையின் கன அளவு (91.67 ÷ 19.3) + (8.33 ÷ 8.96) = 5.68 செ.மீ³, ஒப்படர்த்தி ஏறத்தாழ 17.6. எஞ்சியது முழுதும் வெள்ளி எனில் 18.0. இதே முறையில் 18 காரட் பொன்னுக்கு 15.0 முதல் 16.0 வரை கிடைக்கும். ஆகவே மேற்கண்ட வளையல் 22 காரட்டாக இருக்க இயலாது. 18 காரட்டுடன் பொருந்துகின்றது.

### எண்ணியல் தராசில் எளிய முறை

தொங்கவிட்டு எடைபோடும் வசதியில்லாத தராசிலும் இதைச் செய்யலாம். நீருள்ள குவளையைத் தராசின் தட்டில் வைத்து அளவீட்டைச் சுழியாக்க வேண்டும். பின்னர் பொருளை மெல்லிய நூலில் கட்டி, கையாலோ தாங்கியாலோ பிடித்து, அடியையும் பக்கங்களையும் தொடாமல் நீருக்குள் முழுவதும் அமிழ்த்த வேண்டும். தராசு காட்டும் கூடுதல் நிறையே இடம்பெயர்ந்த நீரின் நிறையாகும். பொருளின் நிறையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும்.

### மிதக்கும் திண்மம்

மெழுகு, தக்கை போன்றவற்றை அமிழ்த்த ஒரு பளுவைச் சேர்த்துக் கட்ட வேண்டும். 18.00 கிராம் நிறையுள்ள மெழுகுத் துண்டை எடுத்துக்கொள்வோம். மெழுகு காற்றிலும் பளு மட்டும் நீரிலும் இருக்கும்போது மொத்த அளவீடு 68.00 கிராம்; இரண்டும் நீரில் இருக்கும்போது 48.00 கிராம். மெழுகு அமிழ்ந்ததால் ஏற்பட்ட இழப்பு 20.00 கிராம். எனவே அதன் ஒப்படர்த்தி 18.00 ÷ 20.00 = 0.90.

### ஒப்படர்த்திக் குப்பி

இது நுண்துளையுள்ள கண்ணாடி அடைப்பானைக் கொண்ட சிறு குப்பி. அடைப்பானை இட்டதும் மிகுதி நீர்மம் துளை வழியே வெளியேறிவிடுவதால், ஒவ்வொரு முறையும் குப்பியில் ஒரே கன அளவு நிற்கும். வெற்றுக் குப்பி 25.20 கிராம், நீர் நிரப்பியபின் 75.20 கிராம், தேங்காய் எண்ணெய் நிரப்பியபின் 71.20 கிராம் எனில்,

ஒப்படர்த்தி = (71.20 − 25.20) ÷ (75.20 − 25.20) = 46.00 ÷ 50.00 = 0.92

மணல் போன்ற துகள்களுக்கும் இக்குப்பி பயன்படும். அதே குப்பியில் 26.50 கிராம் மணலை இட்டு, எஞ்சிய இடத்தை நீரால் நிரப்பியபின் மொத்தம் 91.70 கிராம் எனில், மணல் இடம்பெயர்த்த நீரின் நிறை 26.50 + 75.20 − 91.70 = 10.00 கிராம். ஒப்படர்த்தி 2.65. துகள்களுக்கிடையே சிக்கிய காற்றுக் குமிழ்களை நீக்காவிட்டால் விடை உண்மையைவிடக் குறைவாக வரும்.

### நீரமானி

நீரமானி என்பது அடியில் பளுவும் மேலே ஒடுங்கிய தண்டும் கொண்ட மிதவை. தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீர்மத்தை இடம்பெயர்க்கும் வரை அது அமிழும். அடர்த்தி குறைந்த நீர்மத்தில் கூடுதலாகவும், அடர்த்தி மிகுந்த நீர்மத்தில் குறைவாகவும் அமிழும். ஆகையால் தண்டின் மேற்பகுதியில் சிறிய எண்களும் கீழ்ப்பகுதியில் பெரிய எண்களும் குறிக்கப்பட்டிருக்கும். பால்மானி, மின்கல நீரமானி, சாராயமானி ஆகியவை ஒவ்வொரு நீர்மத்துக்கும் ஏற்ப அமைந்த நீரமானிகளே.

## வெப்பநிலையின் விளைவு

நீரின் அடர்த்தி 4 °செ அளவில் உச்சத்தில் உள்ளது. 20 °செ இல் அது 998.2 கி.கி/மீ³ ஆகவும், 30 °செ இல் 995.7 கி.கி/மீ³ ஆகவும் குறைகின்றது. எனவே துல்லியமான அளவீடுகளில் இரு பொருள்களின் வெப்பநிலையும் குறிப்பிடப்படும். 20°/4° என்பது பொருள் 20 °செ இலும் நீர் 4 °செ இலும் உள்ளதைக் குறிக்கும்.

மேலே கண்ட வளையல் 30 °செ நீரில் அளக்கப்பட்டிருந்தால், அதன் அடர்த்தி 15.15 × 0.9957 = 15.09 கி/செ.மீ³ ஆகும். அளக்கும்போது பெறும் விகிதத்தை, அவ்வெப்பநிலையில் நீருக்குள்ள அடர்த்தியால் பெருக்கினால்தான் பொருளின் உண்மையான அடர்த்தி கிடைக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

## அளவீட்டுப் பிழை

விடையின் நம்பகத்தன்மை எடை இழப்பின் அளவைப் பொறுத்தது. எடை இழப்பில் 0.02 கிராம் பிழை ஏற்படக்கூடும் எனக் கொள்வோம். 40 கிராம் வளையலுக்கு விடை 15.0 முதல் 15.3 வரை மட்டுமே மாறும், முடிவு மாறாது. அதே உலோகத்தாலான 4 கிராம் மோதிரத்தில் இழப்பு 0.26 கிராம் மட்டுமே. அதே பிழையால் விடை 14.3 முதல் 16.7 வரை எங்கும் அமையலாம். சிறிய நகைகளின் தூய்மையைச் சாதாரணத் தராசைக் கொண்டு தீர்மானிக்க முடியாது என்பதை இது காட்டுகின்றது.

## சில பொருள்களின் ஒப்படர்த்தி

பின்வருவன அறை வெப்பநிலையில் தோராயமான மதிப்புகள். பனிக்கட்டிக்கு மட்டும் 0 °செ இல் உள்ள மதிப்பு தரப்பட்டுள்ளது.

| பொருள் | ஒப்படர்த்தி |
|---|---|
| இலித்தியம் | 0.53 |
| எத்தனால் | 0.79 |
| பனிக்கட்டி | 0.917 |
| தேங்காய் எண்ணெய் | 0.92 |
| கடல்நீர் | 1.025 |
| பசும்பால் | 1.028 – 1.032 |
| கிளிசரால் | 1.26 |
| குவார்ட்சு | 2.65 |
| அலுமினியம் | 2.70 |
| வைரம் | 3.52 |
| நீலக்கல் | 4.00 |
| இரும்பு | 7.87 |
| செம்பு | 8.96 |
| வெள்ளி | 10.5 |
| ஈயம் | 11.3 |
| பாதரசம் | 13.5 |
| தங்குதன் | 19.25 |
| பொன் | 19.3 |
| ஓசுமியம் | 22.6 |

## கலவைகளின் ஒப்படர்த்தி

கலக்கும்போது மொத்தக் கன அளவு மாறாது எனில், கலவையின் ஒப்படர்த்தி, பகுதிகளின் கன அளவு விகிதப்படி எடுத்த சராசரியாகும். ஒப்படர்த்தி 1.030 உள்ள 8 பங்கு பாலில் 2 பங்கு நீரைச் சேர்த்தால்,

0.8 × 1.030 + 0.2 × 1.000 = 1.024

பால்மானியில் 30 காட்டியது 24 ஆகக் குறையும். ஆனால் எல்லாக் கலவைகளும் இவ்வாறு நடப்பதில்லை. 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. நீரையும் கலந்தால் கிடைப்பது 100 மி.லி. அன்று, ஏறத்தாழ 96 மி.லி. மட்டுமே. இத்தகைய கலவைகளுக்கு அளந்து தயாரிக்கப்பட்ட அட்டவணைகளையே பயன்படுத்த வேண்டும்.

## வளிமங்களின் ஒப்படர்த்தி

ஒரே வெப்பநிலை, அழுத்தத்தில் சம கன அளவுள்ள வளிமங்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் இருப்பதால், வளிமத்தின் ஒப்படர்த்தியை அதன் மூலக்கூற்று நிறையிலிருந்தே கணிக்கலாம். காற்றின் சராசரி மூலக்கூற்று நிறை 28.96.

| வளிமம் | மூலக்கூற்று நிறை | காற்றைச் சார்ந்த ஒப்படர்த்தி |
|---|---|---|
| ஐதரசன் | 2.02 | 0.07 |
| மெத்தேன் | 16.04 | 0.55 |
| அமோனியா | 17.03 | 0.59 |
| கார்பன் டைஆக்சைடு | 44.01 | 1.52 |
| புரொப்பேன் | 44.10 | 1.52 |
| பியூட்டேன் | 58.12 | 2.01 |
| குளோரின் | 70.9 | 2.45 |

உருளைகளில் வரும் சமையல் எரிவாயு பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றைவிட அடர்த்தியானதால் கசிவு ஏற்படும்போது தரையை ஒட்டித் தேங்கும். உயரமான சன்னல் மட்டும் திறந்திருந்தால் அது எளிதில் வெளியேறாது. தரைமட்டத்திலும் காற்றோட்டம் தேவை. குழாய் வழியே வரும் இயற்கை எரிவளியில் மெத்தேனே மிகுதி. அது மேலெழுந்து கூரையருகே சேரும். வளிமக் கசிவு உணர்கருவியை எங்கே பொருத்துவது என்பதை இவ்வேறுபாடே தீர்மானிக்கின்றது.

1986 ஆகத்து 21 அன்று கமரூனில் உள்ள நியோசு ஏரியிலிருந்து திடீரென வெளிப்பட்ட கார்பன் டைஆக்சைடு, காற்றைவிட அடர்த்தியானதால் மேலெழுந்து கலைந்துவிடாமல் பள்ளத்தாக்குகள் வழியே வழிந்தோடியது. 1,700 க்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறி இறந்தனர்.

வளிமங்களின் அடர்த்தியைக் கூர்ந்து அளந்ததால் ஒரு தனிமமே கண்டறியப்பட்டது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரசனின் அடர்த்தி லிட்டருக்கு 1.2572 கிராமாகவும், வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரசனின் அடர்த்தி 1.2505 கிராமாகவும் இருப்பதை இரேலி பிரபு கண்டார். அரை விழுக்காடு அளவேயான இவ்வேறுபாட்டைப் பிழையென ஒதுக்காமல் அவரும் வில்லியம் இராம்சேயும் ஆராய்ந்ததன் விளைவாக 1894 இல் ஆர்கான் கண்டறியப்பட்டது. 1904 இல் இரேலி இயற்பியலுக்கும் இராம்சே வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றனர்.

## பயன்பாடுகள்

- உப்பளம்: தூத்துக்குடி, வேதாரண்யம் போன்ற இடங்களில் கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ வெயிலில் செறிவாக்கி உப்பு எடுக்கப்படுகின்றது. செறிவு போமே அளவில் குறிக்கப்படும். நீரைவிட அடர்ந்த நீர்மங்களுக்கு, ஒப்படர்த்தி = 145 ÷ (145 − போமே அளவு). கடல்நீர் ஏறத்தாழ 3.5 பாகை. 25 பாகையில், அதாவது ஒப்படர்த்தி 1.21 அளவில், உப்பு படியத் தொடங்கும். ஏறத்தாழ 29 பாகையைத் தாண்டினால் மக்னீசிய உப்புகளும் கலந்து கசக்கும் என்பதால் எஞ்சிய நீர் வடிக்கப்படும்.
- விதைத் தேர்வு: நெல் விதைகளைத் தரம் பிரிக்க உப்புக் கரைசல் பயன்படுத்தப்படுகின்றது. புதிய கோழிமுட்டையின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.08. நீரில் அடியில் கிடக்கும் முட்டை மேலெழுந்து அதன் ஒரு சிறு பகுதி வெளியே தெரியும் வரை உப்பைக் கரைப்பர். அக்கரைசலில் மிதக்கும் பதர்களும் முற்றாத விதைகளும் நீக்கப்படும். மூழ்கிய விதைகள் நன்னீரில் கழுவி எடுக்கப்படும். முட்டை இங்கே ஒரு நீரமானியாகச் செயற்படுகின்றது.
- மின்கலம்: ஈய-அமில மின்கலத்தில் முழுவதும் மின்னேற்றிய நிலையில் கந்தக அமிலக் கரைசலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.26 முதல் 1.28 வரை இருக்கும். மின்னிறக்கத்தின்போது அமிலம் ஈய சல்பேட்டு உருவாவதில் செலவாவதால் இம்மதிப்பு குறையும்.
- மருத்துவம்: ஒப்படர்த்தி 1.053 உள்ள செப்பு சல்பேட்டுக் கரைசலில் ஒரு துளி குருதியை விட்டு, அது மூழ்குகின்றதா எனப் பார்ப்பது குருதிக் கொடையாளர்களைத் தேர்வதற்கான ஒரு பழைய முறை. மூழ்கினால் ஈமோகுளோபின் 100 மி.லி.க்கு 12.5 கிராமுக்குக் குறையவில்லை எனக் கொள்ளப்படும். சிறுநீரின் ஒப்படர்த்தி, சிறுநீரகம் நீரைச் செறிவாக்கும் திறனைக் காட்டும்.
- பாறை எண்ணெய்: எண்ணெய்த் தொழிலில் ஏபிஐ அளவு வழங்குகின்றது. ஏபிஐ அளவு = (141.5 ÷ ஒப்படர்த்தி) − 131.5. நீருக்கு இது 10; ஒப்படர்த்தி 0.85 உள்ள எண்ணெய்க்கு ஏறத்தாழ 35.
- கனிமப் பிரிப்பு: கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள இல்மனைட்டு, சிர்க்கான், மோனசைட்டு ஆகியவை 4.5 க்கும் மேற்பட்ட ஒப்படர்த்தி உடையவை. குவார்ட்சு மணலின் மதிப்பு 2.65 மட்டுமே என்பதால் ஓடும் நீரைக் கொண்டே இவற்றைப் பெருமளவு பிரிக்க முடிகின்றது.

## எல்லைகள்

ஒப்படர்த்தி பொருந்தவில்லை எனில் பொருள் கூறப்பட்டதன்று என உறுதியாகச் சொல்லலாம். ஆனால் பொருந்துவதால் மட்டும் அது அப்பொருளே என்று சொல்லிவிட முடியாது. தங்குதனின் ஒப்படர்த்தி பொன்னுக்கு மிக அருகில் இருப்பதால், உள்ளே தங்குதன் வைத்துப் பொன் பூசிய கட்டி இச்சோதனையில் சிக்காது. ஆய்வகத்தில் வளர்த்த நீலக்கல்லும் இயற்கை நீலக்கல்லும் ஒரே ஒப்படர்த்தி உடையவை. உள்ளீடற்ற நகை, அரக்கு நிரப்பிய நகை, கல் பதித்த நகை ஆகியவை தூய பொன்னால் செய்யப்பட்டிருந்தாலும் குறைந்த மதிப்பையே காட்டும்.

பாலிலும் இதே நிலை உண்டு. நீர் சேர்த்தால் ஒப்படர்த்தி குறையும். கொழுப்பை எடுத்தால் கூடும். ஒரே பாலில் இரண்டையும் செய்தால் பால்மானி வழக்கமான அளவையே காட்டக்கூடும். சர்க்கரையோ உப்போ சேர்த்தும் குறைந்த அளவீட்டை உயர்த்திவிடலாம். எனவே பால் கொள்முதலில் பால்மானியுடன் கொழுப்பளவும் சேர்த்தே சோதிக்கப்படுகின்றது.

## இவற்றையும் பார்க்க

- அடர்த்தி
- ஆர்க்கிமிடீசு தத்துவம்
- மிதப்பு விசை
- நீரமானி
- மூலக்கூற்று நிறை